கரடிக்கு இடம் உண்டா?

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன். நடுவில் வரலாறும் வரும். வீடியோ கேம் வரலாறுதான். "போயும் போயும் இதுக்கெல்லாம் வரலாறா"ன்னு கேக்கறவங்க ஒரு ஓரமா உக்காந்து டீ குடிச்சுட்டு வாங்க. மத்தவங்க உள்ளே வரலாம்.

2000-ஆம் வருசம், குளிர்காலம், நியூஜெர்சி. ரெண்டு படுக்கையறை அபார்ட்மெண்டில் அஞ்சு பேர். ஒய்2கே புண்ணியத்தில் பொட்டி தட்ட விமானம் ஏறி வந்த கூட்டம். ஹாலில் சோபா கிடையாது. ஆளுக்கொரு மெத்தை, பொதுவில் ஒரு அரிசி மூட்டை. ஆனா டிவிக்குக் கீழே ஒரு நிண்டெண்டோ 64 இருந்தது, எல்லாரும் காசு போட்டு வாங்கினது. ஒரே நேரத்தில் நாலு பேர் ஆடலாம். அஞ்சாவது ஆள் அன்னிக்குப் பாத்திரம் தேய்ப்பான். இதுதான் வீட்டுச் சட்டம்.

ஆடினது பெரும்பாலும் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ். எங்களில் ஒரு திருச்சிக்காரன் இருந்தான். அவனுக்கு ஒரே கவலை: பாஞ்சோ ஏன் இதுல இல்லை? பாஞ்சோ என்பது ஒரு கரடி. முதுகுப் பையில் கஸூயின்னு ஒரு பறவையைத் தூக்கிட்டுத் திரியும். 1998-ல் வந்த பாஞ்சோ-கஸூயி விளையாட்டை அவன் மூணு தடவை முழுசா முடிச்சிருந்தான்.

"மச்சி, பாஞ்சோ உள்ளேதான்டா இருக்கான். நாலு பேரை ஒளிச்சு வெச்சவன் அஞ்சாவது ஆளை ஒளிச்சிருக்க மாட்டானா?"

இதை நம்பி ஒரு ராத்திரி மூணு மணி வரைக்கும் தேடினோம். ஒண்ணும் வரலை. அன்னியிலிருந்து அவன் பேரே 'கரடி'. கரடி விட்டதாலயும், கரடிக்காக வாதாடினதாலயும்.

எதிர்க்கட்சி வக்கீல், நாகர்கோவில் அண்ணாச்சி. எங்க எல்லாரையும் விட மூத்தவர். "ஏலே, அது பாட்டுக்குப் பறவையத் தூக்கிட்டுத் திரியுத கரடி. அதுக்கு எதுக்குலே சண்டை?" என்பார்.

"ஜிக்லிபஃப் பாட்டுப் பாடித்தானே அண்ணாச்சி எதிராளியைத் தூங்க வைக்குது? அதுக்கு மட்டும் இடம் இருக்கு?"

அண்ணாச்சி பதில் சொல்ல மாட்டார். ரசத்துக்குப் புளி கரைக்கப் போய்விடுவார்.

இந்தப் பஞ்சாயத்து எங்க வீட்டுல மட்டும் நடக்கலைன்னு எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சது. கால் நூற்றாண்டா உலகம் முழுக்க நடந்திருக்கு. யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாதுங்கற அந்தச் சண்டையோட கதைதான் இது.

*

ஸ்மாஷ் பிரதர்ஸ் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. வழக்கமான சண்டை விளையாட்டில் மேலே ஒரு உயிர்க்கோடு இருக்கும், அது தேயத் தேய அடிப்போம். இதில் அந்தக் கோடே கிடையாது. அடி வாங்க வாங்க ஒரு சதவீதம் ஏறும். ஏற ஏற ஒரு தட்டு தட்டினாலே ஆள் மேடையை விட்டுப் பறப்பான். திரும்பி வந்து ஏறத் தெரியலைன்னா அவுட். ஆடுறவங்க எல்லாரும் நிண்டெண்டோவின் வெவ்வேறு விளையாட்டுகளின் நாயகர்கள். எம்ஜிஆர், சிவாஜி, ரஜினி, கமல் நாலு பேரையும் ஒரே மேடையில் ஏத்திக் குஸ்தி விட்டா எப்படி இருக்கும்? அதான்.

வேடிக்கை என்னன்னா, முதலில் இதில் நாயகர்களே கிடையாது. ஹால் லேபரட்டரி என்ற ஜப்பானிய நிறுவனத்தில் இருந்த மசஹிரோ சகுராய் (கிர்பியை உருவாக்கியவர்) நாலு பேர் ஆடும் ஒரு சண்டை விளையாட்டை வடிவமைத்தார். அதற்கு நிரல் எழுதியவர் சடோரு இவாடா. பிற்காலத்தில் நிண்டெண்டோவின் தலைவரான அதே இவாடா, வாரக்கடைசிகளில் உட்கார்ந்து எழுதினார். அப்போது அதன் பெயர் 'டிராகன் கிங்'. உள்ளே இருந்தவை முகமில்லாத பொம்மைகள்.

ஆட்டம் நன்றாக இருந்தது. ஆனால் வீட்டில் டிவி முன்னால் உட்காருகிறவனுக்கு முகம் தெரியாத பத்துப் பேரை ஒரே நேரத்தில் அறிமுகம் செய்வது கஷ்டம் என்று சகுராய்க்குத் தோன்றியது. அதனால் மரியோ, டாங்கி காங், சாமுஸ், ஃபாக்ஸ் நாலு பேரையும் போட்டு ஒரு மாதிரி தயாரித்தார். நிண்டெண்டோவிடம் முன்கூட்டி அனுமதி வாங்கவில்லை! செய்து முடித்துவிட்டுத்தான் கொண்டுபோய்க் காட்டினார். நம்ம வீட்டுப் பிள்ளைகளை ஒருத்தரை ஒருத்தர் அடிக்க விடறதா என்று முதலில் முகம் சுளித்தவர்கள் உண்டு. கடைசியில் சம்மதம் கிடைத்து, 1999 ஜனவரி 21-ல் ஜப்பானில் வெளிவந்தது.

ஆக மொத்தம், முதல் பட்டியலில் இருந்தவர்களே அனுமதி இல்லாமல் உள்ளே வந்தவர்கள்தான். "இவன் இங்கே இருக்கத் தகுதியானவனா"ன்னு யாராவது சட்டம் பேசினா எனக்கு முதலில் இதுதான் ஞாபகம் வரும்.

அந்த முதல் விளையாட்டில் 12 பேர். எட்டுப் பேர் வெளிப்படையாக, நாலு பேர் ஒளிந்து: லூயிஜி, கேப்டன் ஃபால்கன், நெஸ், ஜிக்லிபஃப். இந்த ஒளிந்திருந்த கூட்டம் எப்படித் தேர்வானது? நேரமும் காசும் குறைவு, இருக்கிற உடம்பையே மாற்றி அமைத்துப் புது ஆள் செய்ய வேண்டும். லூயிஜி மரியோவின் அச்சு. ஜிக்லிபஃப் உருண்டையாக இருந்ததால் கிர்பியின் உடம்பு அதற்குப் பொருந்தியது. எங்க அண்ணாச்சியை வாயடைக்க வெச்ச அந்த ஜிக்லிபஃப், உருண்டையா இருந்த புண்ணியத்துல உள்ளே வந்ததுதான். அதே சமயம் மரியோவின் பரம எதிரி பவுசர், மியூடூ, கிங் டெடெடெ ஆகியோரைச் சேர்க்க நினைத்தும் நேரமில்லாமல் விட்டார்கள்.

கேப்டன் ஃபால்கன் கதை இன்னும் வேடிக்கை. அவன் எஃப்-ஜீரோ கார் பந்தய விளையாட்டின் ஓட்டுநர். 1990-ல் வந்த அந்த விளையாட்டில் அவன் காரை விட்டு இறங்கினதே இல்லை. எப்படி நடப்பான், எப்படி அடிப்பான்னு யாருக்கும் தெரியாது. அத்தனை அடியையும் இவர்களே கற்பனை செய்தார்கள். நெருப்புப் பறக்கும் அந்த 'ஃபால்கன் பஞ்ச்' இங்கே பிறந்து, பிற்பாடு எஃப்-ஜீரோ கார்ட்டூனுக்கே போய்ச் சேர்ந்தது. பிள்ளை சம்பாதிச்சுத் தாய் வீட்டுக்கு அனுப்பின மாதிரி.

*

அடுத்தடுத்த விளையாட்டுகள் வர வர, ரசிகர்கள் தாங்களாகவே சில விதிகளை எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு விதியும் எப்படி விழுந்தது என்று வரிசையாகப் பார்த்தாலே முக்கால்வாசி வரலாறு முடிந்துவிடும்.

விதி ஒன்று: எல்லாருக்கும் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும். 2001-ல் வந்த இரண்டாம் விளையாட்டான மெலீயில் மார்த், ராய் என்று ரெண்டு வாள்வீரர்கள். ஃபயர் எம்ப்ளம் தொடரிலிருந்து வந்தவர்கள். அந்தத் தொடர் அதுவரை ஜப்பானை விட்டு வெளியே போனதில்லை. ராயின் சொந்த விளையாட்டோ ஜப்பானில்கூட வெளிவந்திருக்கவில்லை, 2002 மார்ச்சில்தான் வந்தது! அமெரிக்கப் பதிப்பில் இவர்களைத் தூக்கிவிடலாமா என்று யோசித்து, பிறகு விட்டுவைத்தார்கள். "யாருடா இவன்?" என்று கேட்டவர்களே ஆடிப் பார்த்துப் பிடித்துப்போய், அந்தத் தொடரைத் தேட ஆரம்பித்தார்கள். 2003-ல் ஃபயர் எம்ப்ளம் முதல்முறையாக மேற்கு நாடுகளுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். தெரிஞ்சவன்தான் வரணும்னு அன்னிக்கு யாராவது பிடிவாதம் பிடிச்சிருந்தா நஷ்டம் நமக்குத்தான்.

(2020-ல் அதே தொடரிலிருந்து எட்டாவது ஆளாக பைலெத் வந்தபோது "போதும்டா சாமி, எத்தனை வாள்காரன்தான் வருவான்"ன்னு ரசிகர்கள் கொதிச்சது தனிக் கதை. ஃபயர் எம்ப்ளம் ஆட்கள் அதிகமாகிவிட்டதை சகுராயே ஒப்புக்கொண்டார்.)

விதி இரண்டு: நிண்டெண்டோ வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். 2006-ல் மூன்றாம் விளையாட்டான ப்ராலை அறிவித்தபோது கடைசியில் வந்து நின்றவன் சாலிட் ஸ்னேக். கொனாமியின் மெட்டல் கியர் தொடரின் நாயகன். ஹிடியோ கோஜிமா தன் ஆளைச் சேர்க்கச் சொல்லி மெலீ காலத்திலேயே கேட்டிருந்தார், அப்போது நேரம் கடந்துவிட்டிருந்தது. அடுத்து 2007 அக்டோபரில் சோனிக். இதன் கனம் புரிய தொண்ணூறுகளை நினைத்துப் பார்க்கணும். மரியோவா சோனிக்கா என்பது அன்றைக்கு அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் ரஜினி கமல் சண்டை மாதிரி. செகா 2001-ல் கருவி தயாரிப்பையே கைவிட்டது. தோற்றுப்போன அரசன் ஜெயித்தவன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த மாதிரி சோனிக் வந்தான். 2002 ஏப்ரலில் ஒரு அமெரிக்கப் பத்திரிகை, மெலீயில் சோனிக் ஒளிந்திருப்பதாக முட்டாள்கள் தினக் கதை கட்டியது. இருபது எதிரிகளை வீழ்த்தினால் வருவான் என்று எழுதி எத்தனையோ பிள்ளைகளின் கட்டைவிரலைத் தேய வைத்தது. எங்க கரடியை விடப் பெரிய கரடி.

விதி மூன்று: சண்டைக்காரனாக இருக்க வேண்டும். அண்ணாச்சியின் விதி. அனிமல் கிராசிங் விளையாட்டின் கிராமத்தான் மீன் பிடிப்பான், பழம் பறிப்பான், வண்ணத்துப்பூச்சி பிடிப்பான். சண்டைக்குப் பொருந்த மாட்டான் என்று ப்ரால் காலத்தில் ஒதுக்கிய சகுராயே 2013-ல் அவனைக் கொண்டு வந்தார். கோடாலி, மண்வாரி, பூச்சி வலை எல்லாம் ஆயுதமாயின. கூடவே உடற்பயிற்சி சொல்லித்தரும் வீ ஃபிட் பயிற்சியாளர், யோகாசனம் செய்தே அடிப்பார். 2018-ல் பிரானா பிளாண்ட், மரியோ விளையாட்டில் குழாய்க்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் அந்தச் செடி, தொட்டியோடு மேடை ஏறியது. தொட்டிச் செடிக்கே இடம் இருக்கு. அப்புறம் என்ன சண்டைக்காரன் விதி?

விதி நான்கு: அளவு. மெட்ராய்ட் தொடரின் பறக்கும் பூதம் ரிட்லியை ரசிகர்கள் கேட்டபோதெல்லாம் "அது ரொம்பப் பெரிசு, சுருக்கினால் ரிட்லியாகவே இருக்காது" என்ற பதில் வந்தது. "காசு உயரமே உள்ள ஆலிமாரை மரியோ உயரத்துக்கு வளர்த்தீங்களே, அது மட்டும் சரியா?" என்று திருப்பிக் கேட்டார்கள். பத்து வருசம் இதே வாக்குவாதம். 2018 ஜூனில், ஈ3 கண்காட்சியில், மரியோவின் தொப்பியை நகத்தில் மாட்டிக்கொண்டு ரிட்லி வந்து நின்றது. வாக்குவாதம் முடிந்தது.

*

இப்படி எல்லா விதியும் விழுந்துவிட்டால், யாரை வேண்டுமானாலும் போடலாமா? ஆளே முக்கியமில்லையா?

அப்படிச் சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. ஸ்மாஷுக்கு முன்னாலேயே கலப்புச் சண்டை விளையாட்டுகள் இருந்தன. 1994-ல் எஸ்என்கே நிறுவனம் தன் வெவ்வேறு விளையாட்டு ஆட்களைச் சேர்த்து கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் செய்தது. காப்காம் நிறுவனம் 1996-ல் எக்ஸ்-மென் வீரர்களையும் ஸ்ட்ரீட் ஃபைட்டர் வீரர்களையும் மோதவிட்டு, 1998-ல் அதை மார்வெல் வெர்சஸ் காப்காம் என்று விரித்தது. 2000-ல் வந்த இரண்டாம் பாகத்தில் 56 பேர். போட்டிகளில் ஆடியவர்கள் அதில் பெரும்பாலும் நாலைந்து பேரைத்தான் தொட்டார்கள்: மேக்னெட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள்.

2017-ல் அந்தத் தொடரின் இன்ஃபினிட் பாகம் வந்தபோது எக்ஸ்-மென் ஒருத்தர்கூட இல்லை. தொடர் பிறந்ததே அவர்களால்தான்! எக்ஸ்-மென் சினிமா உரிமை அப்போது ஃபாக்ஸ் நிறுவனத்திடம் இருந்ததே காரணம் என்று ரசிகர்கள் பேசிக்கொண்டார்கள். அதைப் பற்றிக் கேட்டபோது காப்காம் தரப்பில் ஒருவர் சொன்ன விளக்கத்தின் சாரம்: யோசித்துப் பார்த்தால் இந்தப் பாத்திரங்கள் எல்லாம் வெறும் செயல்பாடுகள்தான். மேக்னெட்டோவைப் பிடிக்கும் என்றால் அவன் எட்டுத் திசையிலும் பாய்வான் என்பதற்காகப் பிடிக்கிறது, அதே வேலையைச் செய்ய வேறு ஆள் இருக்கிறான்.

நெட்டில் பற்றி எரிந்தது. நியாயமாகப் பார்த்தால் அவர் சொன்னதில் பாதி உண்மை. பந்தயத்தில் பரிசுப் பணத்துக்கு ஆடுகிறவனுக்கு எது சீக்கிரம் அடிக்கும் என்பதுதான் கணக்கு. ஆனா மீதிப் பாதி? நாலு பேர் உக்காந்து ஆடுற வீட்டுல யாரும் 'செயல்பாட்டை'த் தேர்ந்தெடுக்கறதில்லை. "நான்தான் யோஷி, கையை எடு" என்றுதான் சண்டை. உங்க பாட்டி செஞ்ச வத்தக்குழம்பு பிடிக்கும்னா, புளிப்பும் காரமும் அதே அளவில் இருக்கிற இன்னொரு குழம்பை ஊத்தி "இதுவும் அதே செயல்பாடுதானே"ன்னு சொல்ல முடியுமா?

சகுராய்க்கு இது புரிந்திருந்தது. அவர் ஒரு புதிய ஆளைச் சேர்க்கும்போது கேட்கும் கேள்வி, இவனால் மட்டுமே செய்யக்கூடியது என்ன என்பதுதான். அந்த விடையை அவனுடைய பழைய விளையாட்டில் போய்த் தேடுவார். மெகா மேன் இங்கேயும் 1987-ல் நடந்த மாதிரியே கையை நீட்டிச் சுட்டுக்கொண்டு நடப்பான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் ரியூவுக்கு அந்தக் காலத்து விரல் சுழற்றல் அப்படியே வேலை செய்யும். பழைய ஆட்டக்காரன் கன்ட்ரோலரைத் தொட்டதும் விரலுக்கு ஞாபகம் வரும். பாத்திரத்தின் செயல்பாடும் அதன் ஞாபகமும் வேறு வேறு இல்லை என்பது அவர் கண்டுபிடித்தது.

மெகா மேனைச் சொன்னதும் இதையும் சொல்லணும். அவன் காப்காமின் சொந்தப் பிள்ளை. 2011-ல் காப்காம் தன் மார்வெல் வெர்சஸ் காப்காம் மூன்றாம் பாகத்தில் அவனைச் சேர்க்கவில்லை. அதே வருசம் அவன் பெயரில் தயாராகிக்கொண்டிருந்த ஒரு விளையாட்டையும் கைவிட்டது. 2013 ஜூனில் ஸ்மாஷ் மேடையில் அவன் வந்து இறங்கியபோது வளர்ந்த ஆம்பிளைகள் கண் கலங்கினார்கள். சொந்த வீட்டில் சோறு போடலை, பக்கத்து வீட்டில் தலைவாழை இலை போட்டாங்க.

*

நிற்க. நம்ம கரடி என்ன ஆச்சு?

பாஞ்சோவைப் படைத்தது ரேர் என்ற பிரிட்டிஷ் நிறுவனம். இதே ரேர்தான் 1994-ல் டாங்கி காங் கண்ட்ரி செய்து டிட்டி காங் என்ற குட்டிக் குரங்கையும், கிங் கே.ரூல் என்ற முதலை ராஜாவையும் படைத்தது. டாங்கி காங் நிண்டெண்டோவின் சொத்து என்பதால் அந்த ரெண்டு பேரும் நிண்டெண்டோவிடமே தங்கினார்கள். பாஞ்சோ ரேரின் சொந்தக் கணக்கில் இருந்தான். 2002 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் 37.5 கோடி டாலருக்கு ரேரை வாங்கியது. ஒரே கைகள் படைத்த பிள்ளைகளில் குரங்கும் முதலையும் இங்கே, கரடி எதிரி வீட்டில். பத்திரத்தில் யார் பேர் இருக்குங்கறதுதான் விஷயம். நம்ம ஊர் பாகப்பிரிவினை மாதிரிதான்.

எங்க வீட்டிலும் பாகப்பிரிவினை வந்தது. 2001-ல் டாட்காம் குமிழி உடைந்து வேலைகள் போன நேரம். முதலில் போனது கரடிக்கு. சில வாரத்தில் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நிலை. விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசலை. உள்ளே போகும் முன்னாடி, "நிண்டெண்டோவுல என் பங்கை நீயே வெச்சுக்க. பாஞ்சோ வந்தா மட்டும் போன் பண்ணு"ன்னான்.

அடுத்த வருசம் வீடு மாறும்போது அந்த நிண்டெண்டோவை நான் விற்றுவிட்டேன். நாப்பது டாலர். அவன்கிட்ட சொல்லலை. சொல்லாததாலேயே போன் பண்றதும் குறைஞ்சு, அப்புறம் நின்னே போச்சு.

*

2015 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நிண்டெண்டோ ஓட்டெடுப்பு நடத்தியது. யார் வேண்டும், நீங்களே எழுதுங்கள். உலகம் முழுவதும் எழுதித் தள்ளியது. முழு முடிவை இன்றுவரை வெளியிடவில்லை. அந்த ஓட்டின் பேரில் பயோனெட்டா வந்தாள். சேர்க்கச் சாத்தியமான ஆட்களில் அவளுக்குத்தான் முதலிடம் என்றார்கள். அந்தச் 'சாத்தியமான' என்ற சொல்லில்தான் பத்திரம், உரிமை, வக்கீல் எல்லாம் ஒளிந்திருந்தது. அதே சமயம் கிங் கே.ரூல் கேட்டவர்களுக்கு ஆளுக்குப் பதில் அவன் உடுப்பு மட்டும் கிடைத்தது. வேறொரு பொம்மைக்கு மாட்டிவிடலாம். வேட்டி சட்டை வந்தது, மாப்பிள்ளை வரலை.

அந்த வருசம் ஜூலையில் இவாடா காலமானார். அடுத்த ஸ்மாஷ் அவர் தனக்குக் கொடுத்த கடைசிப் பணி என்று சகுராய் பின்னால் சொன்னார். அந்தப் பணிதான் அல்டிமேட். 2018 ஜூனில் அறிவித்தபோது சகுராய் சொன்ன செய்தி ஒரே வரி: எல்லாரும் இருக்கிறார்கள். இதுவரை ஒரு தடவையாவது வந்த ஒருத்தரும் விடுபடவில்லை. நடுவில் நீக்கப்பட்ட ஸ்னேக், 3டிஎஸ் கருவியில் ரெண்டு பேரை ஒன்றாக ஓட்ட முடியாமல் போனதால் விடுபட்ட ஐஸ் கிளைம்பர்ஸ், எல்லாரும் திரும்பினார்கள். ஆகஸ்டில் முதலை ராஜாவே வந்தான், உடுப்போடு.

அக்டோபரில் என் பையன் ஓடி வந்தான். "அப்பா, லீக் ஆயிடுச்சு!" ஒரு அச்சகத்தில் எடுத்தது மாதிரி ஒரு படம். அதில் புது ஆட்கள் வரிசையாக, நடுவில் பாஞ்சோ. பின்னணியில் கிரிஞ்ச் சினிமாவின் விளம்பரத் துண்டு இருந்ததால் நிஜம் என்றே ஊர் நம்பியது. நானும் நம்பினேன். ராத்திரி பழைய ரூம்மேட்டுகள் குழுவில் கரடியின் நம்பரைத் தேடி எடுத்து வெச்சுக்கிட்டேன். போன் பண்ணலை. நவம்பர் 1 அறிவிப்பில் அந்தப் படம் போலி என்று ஊர்ஜிதமானது. பையன் அன்னிக்கு ராத்திரி சரியாச் சாப்பிடலை. "ஒரு கேமுக்காடா?"ன்னு தங்கமணி திட்டினாங்க. நானும் சரியாச் சாப்பிடலைங்கறதை அவங்க கவனிக்கலை.

2019 ஜூன் 11. ஈ3. மாலை வீட்டுக்கு வந்து பையனோடு பார்த்தேன். டாங்கி காங், டிட்டி, கே.ரூல் மூணு பேரும் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு நிழல். முதலில் வேறு ரெண்டு பேர் வந்து ஏமாற்றுகிறார்கள். பிறகு கரடி. பையில் பறவை. குரங்கும் முதலையும் துள்ளிக் குதிக்கின்றன. பதினேழு வருசம் முன்னாடி பிரிந்த சகோதரர்கள் என்பது தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் காட்சியின் அர்த்தம் தெரியும். நியூயார்க் நிண்டெண்டோ கடையில் கூடியிருந்த கூட்டம் கத்திய வீடியோவைப் பாருங்கள். மேடைக்கான பாட்டைப் புதிதாக அமைத்துத் தந்தவரும் பழைய இசையமைப்பாளர் கிராண்ட் கிர்க்கோப்தான். அவனுடைய பெரிய அடிக்கு ஒரு உயிருக்கு அஞ்சு தங்க இறகு மட்டும்தான், சிக்கனமாகச் செலவழிக்கணும். பழைய விளையாட்டிலும் தங்க இறகை எண்ணி எண்ணித்தான் செலவழிப்போம்.

போன் பண்ணினேன். திருச்சியில் விடிகாலை. எடுத்தான்.

"பாஞ்சோ வந்துட்டான்டா."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நான் அன்னிக்கே சொன்னேன்ல"ன்னான்.

நிண்டெண்டோவை வித்ததையும் சொல்லிட்டேன். "எவ்வளவுக்கு?" "நாப்பது டாலர்." "அஞ்சு பேர்... எனக்கு எட்டு டாலர் வரணும்" என்றான். பதினெட்டு வருசக் கடனைச் சேர்த்து வெச்சு ரெண்டு பேரும் சிரிச்சோம்.

*

2021 அக்டோபரில் கடைசி ஆளாக சோரா வந்தான். கிங்டம் ஹார்ட்ஸ் நாயகன். டிஸ்னி, ஸ்கொயர் எனிக்ஸ் என ரெண்டு பேரிடம் அனுமதி வாங்க வேண்டிய ஆள். 2015 ஓட்டெடுப்பில் உண்மையில் முதலிடம் அவனுக்குத்தான் என்று அப்போதுதான் சகுராய் வெளியே சொன்னார். மொத்தம் 89 பேர். இத்தனை பேரை இன்னொரு தடவை சேர்ப்பது நடக்கக்கூடிய காரியம் இல்லை என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஆக, அடுத்த விளையாட்டு எப்போது வந்தாலும் யாரோ விடுபடுவார்கள், பஞ்சாயத்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

தொடங்கட்டும். இத்தனை வருசம் பார்த்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். பிரபலமானவனா, சண்டைக்காரனா, நம்ம வீட்டுப் பிள்ளையா, அளவு சரியா என்று நாம் போடும் விதி எதுவும் பத்து வருசம் தாங்கவில்லை. தடுத்து நிறுத்தியது இரண்டே விஷயம்: பத்திரத்தில் இருக்கிற பெயர், செய்கிறவர்களின் நேரம். அந்த ரெண்டையும் தாண்டி ஒருத்தன் உள்ளே வருவது, எங்கேயோ யாரோ அவனை மறக்காமல் கேட்டுக்கொண்டே இருப்பதால். "அவனுக்கு இடம் உண்டா?"ன்னு கேக்கறவன் உண்மையில் கேக்கறது, "நான் அந்த வயசுல உக்காந்து ஆடினது கணக்குல வருமா?"ன்னுதான். அதனால "உன் ஆளெல்லாம் ஒரு ஆளா"ன்னு அடுத்தவனைக் கிண்டல் பண்றதை நான் விட்டுட்டேன். (வாலுயிஜி வேணும்கறவங்களைத் தவிர. ஹிஹி.)

டிஸ்கி: கரடி வந்த சேதியை அண்ணாச்சிக்கும் அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரே வரி பதில் வந்தது. "சரிலே, சந்தோசம். ஆனா இன்னமும் சொல்லுதேன், அது சண்டைக்காரக் கரடி இல்ல."